நர்சம்மா பதில்கள்: பையில் இன்னும் எவ்வளவுதான் வைப்பது?

போன இதழில், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரெல்லாம் இதே பேச்சுதான் போலிருக்கிறது. பாதிக் கடிதம் தன்னார்வலர்களிடமிருந்து, மீதி அவர்கள் கதவைத் தட்டும் வீடுகளிலிருந்து. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். சளி, இருமல், முடி கொட்டுவது எல்லாம் அடுத்த இதழில்.

நான் மகளிர் குழுவிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலராகச் சேர்ந்தவள். பத்தாவது வரை படித்திருக்கிறேன். ஆரம்பத்தில் பிரஷர், சுகர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, அவ்வளவுதான். இப்போது புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார்கள், காசநோய் அறிகுறி விசாரிக்கச் சொல்கிறார்கள், சர்க்கரைக்காரர்களின் பாதத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். பயிற்சியில் எல்லோரும் தலையாட்டுவதால் நானும் ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். தெருவில் இறங்கினால் பயமாக இருக்கிறது. இதற்கெல்லாம் நான் தயாரா, நர்சம்மா?
*ஒரு தன்னார்வலர், விராலிமலை வட்டாரம்*

தங்கச்சி, இதையே பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தால் பாதிப் பேர் கை தட்டியிருப்பார்கள். தலையாட்டியவர்களில் பலரும் உங்களைப் போலத்தான்.

பணி ஓய்வுக்கு முந்தின வருஷங்களில், பகுதி சுகாதார செவிலியராக இருந்தபோது, புதிதாக வரும் தன்னார்வலர்களிடம் நான் பாடம் ஒப்பிக்கச் சொன்னதில்லை. ஒரே கேள்விதான் கேட்பேன். "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு பெரியவருக்கு மேல் அளவு 190, கீழ் அளவு 120 காட்டுகிறது. லேசாகத் தலை வலிக்கிறது என்கிறார். யாருக்குப் போன் போடுவாய்?" பல பேர் "பி.எச்.சி.க்கு" என்பார்கள், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. கட்டடம் போன் எடுக்காது. ஒரு ஆளின் பெயரைச் சொல்லி, "அவங்க எடுப்பாங்க" என்றும் சொல்கிறவள்தான் என் கணக்கில் தயார். உங்கள் தயார்நிலையில் பாதி, உங்களுக்குப் பின்னால் நிற்கிறவரிடம் இருக்கிறது. அந்தப் பாதி காலியாக இருந்தால் நீங்கள் எம்.ஏ. படித்திருந்தாலும் தெருவில் தனி ஆள்தான்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். இந்தப் புற்றுநோய்ப் பரிசோதனை 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி என நான்கு மாவட்டங்களில் தொடங்கி, அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பரிசோதிக்க வேண்டியவர்கள் டாக்டரும் நர்சும். நீங்கள் யாருக்கும் புற்றுநோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. வாய்க்குள் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆன பிறகு ரத்தம் படுவது. இவற்றைக் கேட்கத் தெரிந்தால் போதும். கஷ்டமெல்லாம் அந்தக் கேட்பதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு தன்னார்வலர் செய்ததை நேரில் பார்த்தேன். திண்ணையில் மாமியார் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். மருமகள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள், எதுவும் பேசவில்லை. இந்தப் பெண் முதலில் மாமியார் கையில் பட்டையைக் கட்டினாள். "அத்தை, அஞ்சு நிமிஷம் பேசாம, அசையாம இருக்கணும். அப்பத்தான் அளவு சரியா வரும். நான் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்." நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ஐந்து நிமிஷத்தில் மருமகள் மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். மறுவாரம் பி.எச்.சி.யில் பரிசோதனை நடந்தது. மாமியாருக்கும் பிரஷர் அளவு சரியாக வந்தது, ஏனென்றால் நிஜமாகவே ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்க்க வேண்டும்! எந்தப் பவர்பாயின்டிலும் இது வராது.

காசநோய்க்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம். பாதத்துக்கு, செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கையும் குதிகாலையும் பாருங்கள். உணர்ச்சி மரத்துப்போன காலில் முள் ஏறி நாலு நாளாகியும் தெரியாமல் நடக்கிறவர்கள் உண்டு.

அடுத்த பயிற்சியில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, "சொன்னது போதும் சார், ஒருத்தரை உட்கார வைத்துச் செய்து காட்டுங்கள்." இன்னொன்று, கொஞ்சம் துணிச்சல் வேண்டும்: "புதுசா இதைச் சேர்க்கிறீங்க. பழசில் எதை எடுக்கிறீங்க?" ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்ற டார்கெட் அப்படியே இருந்து, ஒரு வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மூன்று மடங்கானால் என்ன ஆகும்? வீட்டுக்குப் போகாமலே என்ட்ரி போடும் பழக்கம் வரும். அதற்குத் தன்னார்வலரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் சர்க்கரை குறைந்தபாடில்லை. கொண்டுவருகிறவர் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. இதை நம்பலாமா, தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடவா?
*ஒரு மகன், திருப்பூர்*

தம்பி, அந்தப் பெண் மாத்திரை எழுதித் தருவதில்லை. டாக்டர் எழுதியதைக் கொண்டுவந்து தருகிறார். கொண்டுவருகிறவரின் படிப்புக்கும் மாத்திரை வேலை செய்வதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவிடம் எதுவும் கேட்காமல் அலமாரியில் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவையோ, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் கவரையோ எடுத்துப் பாருங்கள். பிரிக்காத அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தால் காரணம் தெரிந்துவிடும். ஏன் சாப்பிடவில்லை என்பது அடுத்த விஷயம். திட்டாமல் கேட்டால் சொல்வார்கள். அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். வெறும் வயிற்றில் மெட்ஃபார்மின் போட்டால் வயிற்றைப் பிரட்டும். கிளிபென்கிளமைடு போட்டுவிட்டு, விரதம் என்றோ வேலை என்றோ சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி வேர்த்து, கை நடுங்கும். ஒரு தடவை அப்படி ஆனவர்கள் அதற்கப்புறம் அந்த மாத்திரையைத் தொட மாட்டார்கள். வாங்கி வைப்பதோடு சரி. இவை ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் மாற்று உண்டு, நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். அவரிடம் விஷயம் போக வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு எடுத்த இரண்டாவது கணக்கெடுப்பில் 17, 16.7 என்று ஏறியிருந்தது. நல்ல ஏற்றம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 100 பேரில் 83 பேர் இன்னும் கட்டுக்கு வெளியே. மாத்திரை வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து வாய்க்குப் போவதுதான் இப்போது பாக்கி. ரிவ்யூ மீட்டிங்கில் "எத்தனை பேருக்குக் கொடுத்தாய்" என்று மட்டும் கேட்காமல் "எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது" என்று கேட்டால்தான் தன்னார்வலரும் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

தனியாருக்கு மாற்றுவது உங்கள் விருப்பம். மாற்றினாலும் அந்த டப்பா அங்கேயேதான் இருக்கும். அதைவிட, அம்மாவை ஒரு நாள் பி.எச்.சி.க்கு அழைத்துப் போய் டாக்டரைப் பார்க்க வையுங்கள். மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்று டாக்டரைப் பார்ப்பதையே பலர் நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கண், பாதம் மூன்றையும் வருஷம் ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். அப்புறம், தன்னார்வலரின் போன் நம்பரை வாங்கி உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் யாருமே இதைச் செய்வதில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது பிரஷர் 158. மறுநாள் பி.எச்.சி.யில் 134. சுகரும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. கருவி ஓட்டையா, ஆள் சரியில்லையா?
*ஒரு வாசகர், அறந்தாங்கி*

இரண்டும் சரியாக இருந்தும் இப்படி வரலாம். நீங்கள் வயலிலிருந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே பட்டையைக் கட்டியிருப்பார்கள். காபி குடித்து, பீடி பிடித்து அரை மணி ஆகாமல் பார்த்தாலும் ஏறும். கால் மேல் கால் போட்டிருந்தாலும், கை தொங்கிக்கொண்டிருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்தைப் பேசிக்கொண்டே காட்டினாலும் ஏறும்.

தன்னார்வலர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பெரியவர்களைத் தரையில் உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். நாற்காலி இல்லையென்றால் திண்ணை, படிக்கட்டு எதுவானாலும் சரி, முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் எதன் மீதாவது இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டை மேலே பட்டையைக் கட்ட வேண்டாம். முதல் அளவு 140-க்கு 90 தாண்டினால் ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை பாருங்கள்.

சுகருக்கு, விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் குத்த வேண்டும். மாம்பழம் சாப்பிட்ட கையோடு வந்து நீட்டினால் மெஷின் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு. ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தெடுக்கக் கூடாது, ரத்தத்தோடு நீரும் கலந்து அளவு மாறிவிடும். கையைக் கீழே தொங்கவிட்டுத் தேய்த்துவிட்டால் தானாக வரும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைப்பதும், சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு சுற்றுவதும் வேண்டாம். காலாவதித் தேதியை டப்பாவில் பாருங்கள்.

உங்களுக்கு ஐயா, ஒரு அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் 180-க்கு 110 தொட்டால் அன்றே டாக்டர். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் விளங்காமை இருந்தால் 108. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிச் சோடா குடிக்கும் வழக்கம் நம் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 ஜூன் முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் இடம் எது என்று தெருவில் முதலில் தெரிந்திருக்க வேண்டியவர் தன்னார்வலர்.

நான் கிராம சுகாதார செவிலியர். எங்களுக்கே கர்ப்பிணிகள், தடுப்பூசி, பதிவேடு என்று மூச்சு முட்டுகிறது. இப்போது துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி. (இடைநிலை சுகாதாரப் பணியாளர்) நர்ஸ் வேறு, வெளியே தன்னார்வலர் வேறு. தன்னார்வலர்கள் மகளிர் திட்டத்திலிருந்து வந்தவர்கள். நாம் சொன்னால் "எங்க மேடத்தைக் கேட்கணும்" என்கிறார்கள். யார் யாருக்குப் பொறுப்பு? உங்கள் காலத்தில் இந்தக் குழப்பம் இருந்ததா?
*ஒரு வி.எச்.என்., புதுக்கோட்டை மாவட்டம்*

இருந்தது. எங்கள் காலத்தில் அங்கன்வாடி டீச்சருக்கும் நமக்கும் எடை போடும் மெஷின் யாருடையது என்று சண்டை. இப்போது சுகர் மெஷின்.

கோபப்படாமல் கேளுங்கள், தங்கச்சி. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு வி.எச்.என். என்ற கணக்கு, தாய் சேய் நலத்தை மனதில் வைத்துப் போட்டது. அந்த வேலையை நாம் ஒழுங்காகச் செய்ததால்தான் ஊரில் பிள்ளைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு வயதாகி இப்போது சுகர், பிரஷர். பழைய கணக்கில் இந்தக் கூட்டத்தைப் பார்க்க முடியாது. 2017-ல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் வட்டாரங்களில் துணை சுகாதார நிலையத்திலேயே கூடுதல் நர்ஸ் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மக்கள் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பக்கத்திலேயே வர ஆரம்பித்தார்கள். எம்.எல்.எச்.பி. வந்தது அந்த வழியில்தான். அவர் உங்கள் நாற்காலியைப் பிடிக்க வந்தவர் இல்லை.

பொறுப்பு யாருக்கு என்ற உத்தரவு மேலிருந்து வரட்டும். அது வரும்வரை நீங்கள் மூவரும் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், சப்-சென்டரில் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து லைன் லிஸ்ட்டை, அதாவது நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை, தெருவாரியாகப் படியுங்கள். இந்த வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டார், அந்த வீட்டில் புது மருமகள், இன்னொருவர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மூன்று பதிவேட்டிலும் இல்லாத செய்தியெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வரும்.

இன்னொன்றும் உடனே பேசி வையுங்கள். தன்னார்வலர் கையில் மெஷின் இருக்கிறது, வீட்டில் கர்ப்பிணியும் "எனக்கும் பாருங்கக்கா" என்று கையை நீட்டுவாள். கர்ப்பிணிக்கு 140-க்கு 90 என்றால் அது பெரியவர்களுக்கு வரும் 140-க்கு 90 இல்லை. தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் சேர்ந்தால் வலிப்பு வரைக்கும் போகும். "மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று தன்னார்வலர் ஆறுதல் சொல்லிவிட்டு வரக் கூடாது. தெருவிலிருந்தே உங்களுக்குப் போன் வர வேண்டும். அந்தப் போனை எடுக்கும்போது "இதைப் பார்க்கச் சொன்னது யார்?" என்று ஒரே ஒரு தடவை நீங்கள் கேட்டுவிட்டால் போதும், அடுத்த தடவை போன் வராது.

எங்கள் தெருவுக்கு வருகிற அம்மா வாசலில் நின்று "உனக்கு 280 இருக்கு, சோத்தைக் குறை" என்று சத்தமாகச் சொல்கிறார். பொண்ணு வீட்டார் வந்திருந்த நேரம். எனக்கு 29 வயது.
*பெயர் வேண்டாம்*

நியாயமான கோபம். அளவை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரின் அளவை அவர் பெண்டாட்டியிடம் சொல்வதானால்கூட அவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். தன்னார்வலர் அதே தெருக்காரர் என்பதால்தான் கதவு திறக்கிறது, அதே தெருக்காரர் என்பதால்தான் கதவு சாத்தவும் படும். தம்பி, நீங்கள் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார். அப்புறம், 29 வயதில் 280 என்பது பொண்ணு வீட்டாரைவிட அவசரமான விஷயம். இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆபா எண் போட ஆதார் ஓ.டி.பி. கேட்டால் ஜனங்கள் எங்களைத் திருடி மாதிரி பார்க்கிறார்கள். பேங்க் பணம் போய்விடும் என்கிறார்கள். நெட்வொர்க்கும் கிடைப்பதில்லை. முதலில் என்ட்ரியா, முதலில் ஆளா?
*ஒரு தன்னார்வலர், மலையடிவார ஊர்*

முதலில் ஆள். இதில் என்ன சந்தேகம்?

ஜனங்கள் பயப்படுவதும் தப்பில்லை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்று டிவியும் பேங்க்கும் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறது. ஆபா என்பது 14 இலக்க எண். ஒருவருடைய மருத்துவக் குறிப்புகளை எந்த ஆஸ்பத்திரியிலும் எடுத்துப் பார்க்க வசதியாக உண்டாக்கியது. விருப்பப்பட்டால்தான் அது. எண் இல்லையென்று மாத்திரையை நிறுத்தக் கூடாது, அந்த மாதிரி மிரட்டி வாங்கவும் கூடாது. வீட்டில் படித்த பிள்ளை இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். ஓ.டி.பி.யை நீங்கள் கேட்காதீர்கள். உங்கள் போனை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

நெட்வொர்க் இல்லாத ஊரில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் ஏற்றுங்கள். நோட்டு எழுதுவதை "பழைய முறை" என்று சிரிக்கும் அதிகாரிகள் உண்டு. செர்வர் படுக்கும் அன்றைக்கு அந்த நோட்டைத்தான் அவர்களும் கேட்பார்கள்.

1977-லும் ஊருக்கு ஒரு சுகாதாரத் தொண்டர் என்று ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தில் காணாமல் போனதாகப் படித்திருக்கிறேன். இதுவும் அப்படித்தானா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி*

ஐயா, நல்ல ஞாபகம். 1977 அக்டோபர் 2-ம் தேதி மத்திய அரசு அதைத் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் மாதம் 200 ரூபாய், அப்புறம் மாதம் 50 ரூபாய், கூடவே ஒரு மருந்துப் பெட்டி. மறு வருஷம் செப்டம்பரில் அல்மா-அட்டாவில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம் எல்லோருக்கும் என்று அறிவித்தபோது, நம் நாட்டில் இப்படி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சுகாதாரப் பணியாளர் என்று பெயர், அப்புறம் தன்னார்வலர், 1981-ல் கிராம சுகாதார வழிகாட்டி. பெயர் மாறிய வேகத்தில் சம்பளம் மாறவில்லை. ஆரம்பத்தில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களிடம் ஒரு கர்ப்பிணி என்ன சொல்வாள்?

தமிழ்நாடு அந்தத் திட்டத்தை எடுக்கவில்லை. இங்கே மினி ஹெல்த் சென்டர் என்று வேறு ஏற்பாடு இருந்தது. சென்னை அடையாறில் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய வி.எச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) அமைப்பின் யோசனை அது. ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு சிறு மையம். 2005-ல் ஆஷா, அதாவது ஊருக்கு ஒரு பெண் சுகாதாரப் பணியாளர் என்ற மத்திய அரசு ஏற்பாடு, வந்தபோதும் வி.எச்.என். பலம் இருந்ததால் நாம் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் அதிகம் வைத்தோம். அதனால் தெருவுக்கு ஒரு பெண் என்ற அனுபவம் நமக்கு உண்மையில் புதுசு. மற்ற மாநிலங்கள் நாற்பது வருஷமாகப் பட்டதை நாம் இப்போதுதான் படுகிறோம்.

காணாமல் போகுமா என்றால், 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டத்தை அவ்வளவு சுலபத்தில் யாரும் மூட மாட்டார்கள். என் கவலை வேறு. வேலையைப் பார்த்தால் ஊழியர், பணத்தைப் பார்த்தால் தன்னார்வலர். சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, அதுவும் சில மாதம் தள்ளி வரும். புதுப் பொறுப்பு மட்டும் தள்ளி வருவதே இல்லை. நன்றாகக் கற்றுக்கொண்ட பெண் ஜவுளிக் கடை வேலைக்குப் போய்விடுவாள். அவள் இடத்துக்கு வருகிறவளுக்கு விரலில் எங்கே குத்துவது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பயிற்சிக்குச் செலவழிக்கிற அரசு இந்த நஷ்டத்தையும் கணக்கில் எழுத வேண்டாமா?

எங்கள் குழுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. என்னைச் சேரச் சொல்கிறார்கள். வயது 32, இரண்டு பிள்ளைகள், பன்னிரண்டாவது பாஸ். சேரலாமா?
*ஒரு வாசகி, மணப்பாறை*

சேருங்கள் என்றுதான் என் கை எழுதப் போகிறது. அதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடு, எந்தெந்தத் தெரு? போக விரும்பாத தெரு எதையாவது விட்டுவிட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார்களா? சில ஊர்களில் காலனித் தெரு பட்டியலில் இருக்கும், கால் மட்டும் அங்கே போகாது. அதை ஒப்புக்கொண்டு உள்ளே போகாதீர்கள். மெஷின் ரிப்பேரானால் எத்தனை நாளில் வேறு தருவார்கள்? ஸ்ட்ரிப் தீர்ந்தால் சொந்தக் காசா? முன்னால் இருந்தவர் ஏன் விட்டார்? கடைசிக் கேள்வியை மீட்டிங்கில் கேட்காதீர்கள், அவர் வீட்டுக்கே போய் டீ குடித்துக்கொண்டு கேளுங்கள். இரண்டு தெருவுக்கு அவரோடு சும்மா நடந்து பாருங்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு ஆள் காலை ஆறு மணிக்கு முன்னால்தான் கிடைப்பார், யார் மாத்திரையை வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பிடிக்க வேண்டுமானால் காலை ஏழு மணிக்குள் தெருவில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தலை வாரி, டிபன் கட்டி பள்ளிக்கு அனுப்புவது யார் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யாவிட்டால் மூன்றாவது மாதம் எனக்கு வேறு மாதிரிக் கடிதம் எழுதுவீர்கள்.